புதுச்சேரியின் தமிழ் வீதிகளில் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு

வார இறுதியில் புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவே இருக்கும் சில வீதிகளைச் சுற்றி, மஞ்சள் சுவரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஊரைப் பார்த்துவிட்ட நிறைவோடு திரும்பிவிடுகிறார்கள். துய்மா வீதியும் ரொமேன் ரோலான் வீதியும் அழகானவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்த வீடுகள் தோட்டத்தையும் முகப்பையும் மதிலுக்குள்ளே வைத்துக்கொண்டு வாழக் கட்டப்பட்டவை என்பதால், வெளியாள் ஒருவருக்கு அங்கே காணக் கிடைப்பது உயர்ந்த மதிலும் சாத்திய கதவும்தான். வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்தால், வீட்டின் முதற்பகுதியே வீதியில் இருக்கும் இன்னொரு ஊர் தொடங்குகிறது. தாழ்வாரமும் திண்ணையுமாக வீதியைப் பார்த்துத் திறந்திருக்கும் அந்தத் தமிழ் வீடுகளைக் காண்பதற்கென்றே சிறு குழுக்கள் நடந்து போவது இப்போது இந்த ஊரில் வழக்கமாகியிருக்கிறது. இந்த ஊர்க்காரி என்ற முறையில் அக்குழுக்களோடு நடந்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் நானே கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். அந்த வீடுகளில் எதைப் பார்க்க வேண்டும், யார் காட்டினால் அவை விளங்கும் என்பது பற்றி எனக்குச் சில உறுதியான எண்ணங்கள் உண்டு.

ஊரின் அமைப்பைச் சொல்லாமல் வீட்டைச் சொல்ல முடியாது. ஒன்றையொன்று நேர்கோணத்தில் வெட்டும் இந்த வீதிகளின் திட்டம், 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது வரையப்பட்டது. ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அதே திட்டத்தைப் பின்பற்றி வளர்த்தார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்ததை வெள்ளை நகரம் என்றும் மேற்கே இருந்ததைக் கறுப்பு நகரம் என்றும் அவர்களுடைய ஆவணங்கள் குறித்தன. மேற்குப் பகுதிக்குள்ளேயும் குடியிருப்புகள் சமயவாரியாகவும் சாதிவாரியாகவும் பிரிந்திருந்தன. வடக்கே இந்துக்கள், மாதா கோயிலைச் சுற்றிக் கிறித்தவர்கள், தெற்கே முஸ்லிம்கள் என்ற அந்தப் பிரிவை வீதிப் பெயர்களில் இன்றும் படிக்கலாம். 1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களின் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்த பிறகுதான் ஊர் மறுபடி எழும்பியது. ஆகவே இன்று நாம் காணும் பழைய வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை.

அதற்கு முந்திய காலத்தைச் சேர்ந்த அரிய வீடு ஒன்று பெரிய மார்க்கெட்டுக்கு அருகில், ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து, 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளையின் வீடு அது. கீழ்த்தளத்தில் செதுக்கு வேலைப்பாடு கொண்ட மரத்தூண்கள் முற்றத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. மேல்தளத்திலோ சுண்ணாம்புச் சாந்து பூசிய வெள்ளைத் தூண்கள் பிரெஞ்சுப் பாணியில் எழுகின்றன. பகலெல்லாம் பிரெஞ்சுக்காரர்களோடு பேசிவிட்டு இரவில் தமிழில் எழுத உட்கார்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கையை இந்த இரண்டு தளங்களும் அப்படியே காட்டுவதாக அந்த வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இந்த ஊரில் வசதி படைத்த தமிழர்கள் வீடு கட்டிய முறையும் ஏறத்தாழ இதுவேதான்: கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு மாடி.

ஒரு தமிழ் வீட்டைப் பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் அதன் தாழ்வாரம். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ தாழ்வாரம் என்றால் முற்றத்தைச் சுற்றியுள்ள இடத்தையே முதலில் நினைப்பார்கள். இங்கே வீதியோரத்தில், திண்ணைக்கு முன்னால், மரக்கால்களின்மேல் நாட்டு ஓடு வேய்ந்து சரிவாக இறக்கிய கூரைக்கும் அந்தப் பெயர் உண்டு. பக்கத்து வீட்டின் தாழ்வாரம் இந்த வீட்டின் தாழ்வாரத்தோடு தொட்டுக்கொண்டே போனால், வீதியின் இந்த முனையில் நடக்கத் தொடங்குகிறவர் வெயிலோ மழையோ மேலே படாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரலாம். தன் சொந்தச் செலவில் கட்டிய கூரையின் நிழலை வீதியில் போகிறவருக்குக் கொடுத்துவிடும் இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இப்போது அப்படித் தொடர்ச்சியாகத் தாழ்வாரம் உள்ள வீதி அரிதாகிவிட்டது. ஒரு வீட்டுக்காரர் கடைக்காகவோ வண்டி நிறுத்தவோ மரக்கால்களை எடுத்துவிட்டாலே அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. மீதியுள்ள வீடுகளில் தாழ்வாரத்துக்கு இருந்த பயன் பாதியாகக் குறைந்து, அடுத்தவரும் எடுத்துவிடுகிறார்.

தாழ்வாரத்தை அடுத்து, வாசற்கதவின் இருபுறமும் திண்ணை. மாலையில் வீட்டார் வந்து உட்காரவும், வியாபாரி வந்தால் பேச்சை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் அங்கேயே முடிக்கவும், வழிப்போக்கர் தலைசாய்க்கவும் அமைந்த இடம் அது. நடைக் குழுவில் வருகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது திண்ணையின் உயரத்தை. பழைய வீடுகளில் வீதியிலிருந்து திண்ணைக்கு ஏறப் படிகள் இருந்தன. பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதில் சாலை உயர்ந்துகொண்டே வந்து, பல வீடுகளில் கீழ்ப்படிகள் மண்ணுக்குள் போய்விட்டன. சில வீடுகளில் வாசல் சாலையைவிடத் தாழ்ந்தே போயிற்று. ஐப்பசி மழையில் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதற்குக் காரணம் வீட்டின் வயது என்று பலர் எண்ணுகிறார்கள். காரணம் சாலையின் உயரம். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் தன் ஊரில் சாலை போடும்போது சும்மா இருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கதவைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. நிலையின் மேற்சட்டத்தில் பூவேலைக்கு நடுவே கஜலட்சுமி இருக்கிறாளா, கிறித்தவர் வீடானால் சிலுவை இருக்கிறதா, கதவின் குமிழ்கள் பித்தளையா இரும்பா, இருபக்கமும் விளக்கு மாடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மாடத்தின் உட்புறம் எண்ணெய்ப் புகையில் கறுத்திருந்தால் அங்கே இன்னும் விளக்கு ஏறுகிறது. வெள்ளை பூசி அழகுக்குக் குப்பி வைத்திருந்தால் அந்த வீடு வேறு பயனுக்கு மாறியிருக்கிறது.

உள்ளே நுழைந்தால் நடை எனப்படும் இடைகழி. நடை கடந்தால் முற்றம். வாசற்கதவும் நடைக்கதவும் கொல்லைக் கதவும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பதால், எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் நேரத்தில் வீதியில் நிற்பவருக்குக் கொல்லையின் வெளிச்சம் தெரியும். அழகுக்காக மட்டும் அப்படி அமைக்கவில்லை. பொதுச்சுவர் போட்டு நெருக்கமாகக் கட்டிய வீடுகளில் பக்கவாட்டுச் சன்னலுக்கு வழியே கிடையாது. காற்று முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியாக மேலே போக வேண்டும். மே மாத நண்பகலில் வீதியிலிருந்து நடைக்குள் கால் வைத்ததும் உடம்பு அந்த வேறுபாட்டை உணர்ந்துவிடும். அந்த நேரத்தில் யாரும் விளக்கம் சொல்லவே தேவையில்லை. முற்றத்தைச் சுற்றியுள்ள கூரைச் சரிவுகளிலிருந்து இறங்கும் மழைநீரை அண்டாக்களில் பிடித்து வைத்துக்கொள்வதும், மிச்ச நீர் கல் சாலகம் வழியாக வெளியேறுவதும் வழக்கம். வசதியான வீடுகளில் முதற்கட்டுக்குப் பின்னே இரண்டாங்கட்டும், அங்கே சமையலறையும், அதற்கும் பின்னே கிணறும் கொல்லையும் இருக்கும்.

வீட்டில் வாழ்கிறவர் வழிகாட்டினால் முற்றம் எப்படி மாறுகிறது என்பதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். குழுவை அழைத்துவந்த இளைஞர் ஒருவர் முற்றத்துத் தூண்களின் காலத்தையும் மரத்தின் வகையையும் நன்றாகவே விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் அந்த வீட்டு ஆச்சி என் கையைப் பிடித்து ஒரு தூணருகே கூட்டிப்போய், முழங்கால் உயரத்தில் மரம் வழவழவென்று தேய்ந்திருந்த இடத்தைக் காட்டினார். “இந்தத் தூணப் புடிச்சுக்கிட்டுத்தாம்மா இந்த வீட்டுப் புள்ளைங்க எல்லாம் நடக்கப் பழகிச்சுங்க” என்றார். இளைஞர் சொன்னதும் தேவைதான். மரத்தின் வகையை ஆச்சி சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும், இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் நான் ஆச்சியிடம் போய் நிற்பேன். ஏட்டில் இல்லாததும், அவருக்குப் பின் யாராலும் சொல்ல முடியாததும் அதுதான்.

மேலே நிமிர்ந்து பார்க்காமல் யாரும் வெளியேறிவிடக் கூடாது. சென்னையிலும் புதுச்சேரியிலும் பழைய மச்சு வீடுகளின் தளம் கம்பியும் சிமென்ட்டும் இல்லாமல் போடப்பட்டது. சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்திரம். உத்திரங்களின்மேல் நெருக்கமாக மரச்சட்டங்கள். சட்டங்களின்மேல் சின்னஞ்சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைக்கு மூலை சாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக்கொண்டு போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பாட்டின் தாளத்துக்குக் கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைத் தெளித்துக்கொண்டே தட்டுவது வழக்கம். கடைசியாகத் தட்டையான ஓடுகளைப் பதித்தால் தளம் முடிந்தது. கீழே நின்று பார்க்கும்போது மரச்சட்டங்களுக்கு நடுவே சாய்ந்து ஓடும் செங்கல் வரிசைகள் தெரியும். அப்படி உழைத்துப் போட்ட தளத்தின் கீழேதான் நாம் நிற்கிறோம் என்ற நினைவோடு அதைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்களில் ஒருவர் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

சுண்ணாம்பைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன், ஏனென்றால் இந்த வீடுகள் பிழைப்பதும் சாவதும் அதனால்தான். நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர், தரையிலிருந்தும் கடற்காற்றிலிருந்தும் வாங்கும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். விரிசல் விழுந்த இடத்தில் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று சிமென்ட் பூசிவிட்டால், ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி, உப்பு பூத்து, பூச்சுக்குப் பின்னால் செங்கல் பொடிப்பொடியாக உதிரும். பார்வைக்குச் சுவர் திடமாகத் தெரியும். தட்டினால் உள்ளே பொள்ளல். மேல்தளத்து விரிசலில் பறவை எச்சத்தோடு விழுந்த அரச விதை முளைத்து வேர் விட்டால், வேர் பருக்கப் பருக்கத் தளமே பிளந்துபோகும். நான் கூட்டிப்போகிறவர்களிடம் ஒரே சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சும் புதிய சிமென்ட் ஒட்டும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தைத் தேடிக் காட்டுவேன். வித்தியாசத்தை விரலால் தொட்டே அறிந்துகொள்ளலாம். சுண்ணாம்பை நீற்றி, புளிக்க வைத்து, அரைத்து, பதம் பார்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை தொடர்ந்து கிடைத்தால்தான் அவர்களுடைய பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்வார்கள்.

மேல்மாடிக்கு வருவோம். அரைவட்ட வளைவுச் சன்னல்கள், சுவரிலிருந்து புடைத்து நிற்கும் பட்டைத் தூண்கள், சாய்வு மரச்சட்டம் வைத்த கதவுகள், மொட்டை மாடியின் விளிம்பில் குடுவை குடுவையாய் நிற்கும் கைப்பிடிச் சுவர், சாந்தில் வார்த்த பூக்கொத்து என்று இங்கே எல்லாம் பிரெஞ்சுப் பகுதியைப் பார்த்து வந்தவை. அதைச் செய்தவர்களோ கீழ்த்தளத்தைக் கட்டிய அதே தமிழ்க் கொத்தனார்கள்தான். உற்றுப் பார்த்தால் பிரெஞ்சு மாலைக்கு நடுவில் ஒரு கிளியோ அன்னமோ உட்கார்ந்திருக்கும். இந்த மாடிகளில் சில, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனுக்குப் போய்ப் பிரெஞ்சு அரசில் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய பணத்தில் எழும்பியவை. 1954-இல் ஊர் இந்தியாவோடு இணைந்து, 1962-இல் அது சட்டப்படி உறுதியான பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பல பிரான்சுக்குப் போய்விட்டன. இன்று வீதியில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்து யாருடையது என்று கேட்டால், பாரிசில் இருக்கிறார்கள் என்ற பதில் எளிதில் வரும்.

பழைய வீடுகளைக் காப்பதில் இந்த ஊர் செய்ததைச் சொல்லும்போது வைசியாள் வீதியைத் தவிர்க்க முடியாது. கல்வே சுப்பராய செட்டி வீதி என்று பெயர்ப்பலகையில் இருப்பது அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தின் கீழ், இத்தாலியின் ஊர்பினோ நகரமும் பிரான்சின் வில்நெவ் சுய்ர் லோ நகரமும் புதுச்சேரியோடு சேர்ந்து, 2002 முதல் 2004 வரை அந்த வீதியின் ஒரு பகுதியில் வீடுகளின் முகப்பைச் சீரமைத்தன. இங்கே வேலையை முன்னின்று செய்தது, மரபுரிமைக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை. முழுச் செலவையும் திட்டமே ஏற்காமல், வீட்டுச் சொந்தக்காரரும் ஒரு பங்கைப் போட வேண்டும் என்று வைத்தது, என் பார்வையில், அவர்கள் எடுத்த மிக நல்ல முடிவு. தன் பணமும் சேர்ந்திருக்கும் தாழ்வாரத்தை யாரும் எளிதில் பிரித்துப்போட மாட்டார்கள். 2008-இல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. வீதியில் நடக்கும்போது வரிசையாகத் தாழ்வாரங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்காமல் கண்ணாலேயே காணலாம். ஆயினும் அது முகப்புக்கான திட்டம். உத்திரம் இற்றுப்போன வீட்டுக்கு முகப்பு மட்டும் புதிதானால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே நிற்கும்போது எனக்கு எழாமல் இருப்பதில்லை.

உலகில் வேறு இடங்களில் வீட்டுக்காரர்களே ஆண்டில் சில நாள் கதவைத் திறந்து வைக்கும் வழக்கம் வலுவாக இருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து நாட்செஸ் நகரில், தோட்டச் சங்கங்களின் மாநாட்டுக்கு முன்பு எதிர்பாராத உறைபனியில் பூக்கள் கருகிவிட, அவ்வூர்ப் பெண்கள் தோட்டத்துக்குப் பதிலாகத் தங்கள் பழைய மாளிகைகளைத் திறந்து காட்டினார்கள். விருந்தினர்களுக்கு அது பிடித்துப்போக, 1932 முதல் ஆண்டுதோறும் நடக்கும் சுற்றாகவே அது மாறியது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் கூரையைப் பழுதுபார்க்க அந்தக் கட்டணம் உதவியது. பிரான்சில் 1984-இல் தொடங்கிய மரபுரிமை நாள் ஐரோப்பா முழுவதும் பரவி, ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கிறது. லண்டனில் 1992 முதல் கட்டணமில்லாத திறந்த வீட்டு விழா நடக்கிறது. நாட்செஸ் கதையில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பருத்திப் பணத்தில் எழுந்த அந்த மாளிகைகளைப் பெரிய பாவாடை அணிந்த பெண்கள் சுற்றிக்காட்டியபோது, அவற்றைக் கட்டியும் துடைத்தும் வாழ்ந்த அடிமைகளின் பேச்சு நெடுங்காலம் எழவே இல்லை.

நம் வீடுகளுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். வீதிகள் சாதிப் பெயர் தாங்கியவை என்பதை மேலே சொன்னேன். திண்ணை வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தது என்று பெருமையோடு சொல்லும் நாம், எல்லா வழிப்போக்கருக்கும் அது இடம் கொடுக்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். வாசல் வழியே வந்தவர் யார், நடை வரை வந்தவர் யார், முற்றத்துக்கு வர முடிந்தவர் யார், கொல்லை வாசலுக்கு மட்டுமே வரவேண்டியிருந்தவர் யார் என்பதை வீட்டின் அமைப்பே சொல்கிறது. அழகான தூணைக் காட்டிவிட்டுக் கொல்லைக் கதவைக் காட்டாமல் திரும்பும் சுற்றில் வீட்டின் பாதி விடுபட்டுவிடுகிறது. இதைச் சொன்னால் விருந்தினர் மனம் சுருங்குவார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். என் அனுபவத்தில் அந்த இடத்தில்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன.

பழைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியிருப்பதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பெருமாள் கோயில் வீதியிலும் வேறு வீதிகளிலும் அப்படி மாறிய வீடுகளுக்குள் போயிருக்கிறேன். உத்திரமும் தளமும் தூணும் நல்ல நிலையில் இருக்கின்றன, வேலை கவனமாக நடந்திருக்கிறது. அந்த வீடு இடிக்கப்பட்டு நான்கு மாடிக் கட்டடம் வந்திருப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் வீடு பார்க்கும் சுற்று இந்த விடுதிகளுக்குள் மட்டுமே போய்வந்தால், சமையற்கட்டில் தாளிக்கும் வாசனையும் முற்றத்துக் கொடியில் காயும் துணியும் இல்லாத வீட்டையே பழைய வீடு என்று விருந்தினர் நினைத்துக்கொள்வார்கள். அதைவிடக் கெடுதல், அந்த வீதியிலேயே வாழும் ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு மதிப்பு வர வேண்டுமானால் தான் வெளியேற வேண்டும் போலும் என்று எண்ணத் தொடங்குவார். ஒரு சுற்றில் விடுதி ஒன்று இருக்கட்டும். குடியிருக்கும் வீடு ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

குடியிருக்கிறவர்களின் சுமை சிறியதல்ல. தாத்தா கட்டிய வீடு அண்ணன் தம்பிகளுக்கும், சட்டப்படி அக்கா தங்கைகளுக்கும் பங்காகி, எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் ஓடு மாற்றலாம் என்ற நிலை பல வீடுகளில் உண்டு. வீதியில் மனை விலை ஏறியிருப்பதால், வீட்டை இடித்து மனையை விற்றால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் தொகை கண்முன் நிற்கிறது. நிறுத்தி வைத்தால் கிடைப்பது பழுதுச் செலவு. இதைச் சொல்லி விற்கும் குடும்பத்தைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு வீடு இடிவது அந்தக் குடும்பத்தோடு முடிவதில்லை. பொதுச்சுவர் கொண்ட வீடுகளில் ஒன்றை இடித்தால், இதுவரை மழை படாத பக்கத்து வீட்டுச் சுவர் திறந்து நிற்கும். இடிக்கும் அதிர்ச்சியில் அந்த வீட்டின் உத்திர முனைகள் தளரும். இரண்டு மழை கடந்ததும் அந்த வீட்டுக்காரரும் இடிக்க ஆள் தேடுவார். தனி வீடுகள் மட்டுமா? கடற்கரையில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த மேரி என்னும் நகராட்சிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் ஒரே நாளில் இடிந்து விழுந்தது. பழைய உருவிலேயே அதை மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். அது விழுந்த அடுத்த ஆண்டில் ஊர் அமைப்புகள் சேர்ந்து புதுச்சேரி மரபுரிமை விழாவைத் தொடங்கின. வீடுகளைத் தேடிப் போகும் நடைகளுக்குப் புது வேகம் வந்ததில் அந்த இடிபாட்டுக்கும் பங்கு உண்டு.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள். 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்த அவருடைய நினைவில்லமாக அது இருப்பதால், யாரிடமும் தயங்கிக் கேட்காமல் உள்ளே போய் முற்றம் எப்படி இருக்கும், மாடிப்படி எவ்வளவு குறுகலாக இருக்கும் என்று பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். பிறகு பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் நினைவில்லம். இரண்டையும் பார்த்தபின் வைசியாள் வீதிக்குப் போனால், முகப்பைப் பார்த்தே உள்ளே இருப்பதை ஊகிக்கும் பழக்கம் வந்திருக்கும். தெற்கே காஜியார் வீதிப் பக்கமும் போக வேண்டும். அங்கே முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளில் முகப்பும் உள்ளமைப்பும் சற்று மாறுவதைப் பார்த்தால்தான் தமிழ் வீடு என்பது ஒரே அச்சில் வந்ததல்ல என்று தெரியும். காலையில் போவது நல்லது. பகல் ஒரு மணிக்கு மேல் வீட்டார் கண்ணயரும் நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது. பத்துப் பேருக்கு மேல் கூட்டமாகப் போக வேண்டாம். செருப்பைத் தாழ்வாரத்தில் விட்டுவிட்டுப் போவதும், பூசை அறையையும் படுக்கை அறையையும் அவர்களாக அழைக்காமல் எட்டிப் பார்க்காதிருப்பதும், படம் எடுக்குமுன் கேட்பதும் சொல்லித் தர வேண்டியவை அல்ல என்றாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டாரிடம் வீடு எத்தனை கோடி போகும் என்று கேட்பவர்களை நான் அடுத்த முறை கூட்டிப்போவதில்லை. கூரை ஓடு கடைசியாக எப்போது மாற்றினீர்கள், எந்தக் கொத்தனார் வந்தார், எந்த மூலை ஒழுகுகிறது என்று கேளுங்கள். அவர்கள் முகம் மலரப் பேசுவதைப் பார்ப்பீர்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நடைக்குக் கட்டணம் வாங்கும் குழுக்கள் அதில் ஒரு பங்கை, உள்ளே விட்ட வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. காப்பி கொடுத்து உபசரிக்கும் ஒரு வீட்டாருக்குக் கையில் பணம் நீட்டுவது நம் வழக்கத்தில் அவர்களைச் சங்கடப்படுத்தும் என்பது உண்மை. அதற்கு மாற்றாக, சுற்றில் சேரும் தொகையை வீதிக்குப் பொதுவாக ஒதுக்கி, ஓடு மாற்றவும் விளிம்பில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்கவும் சுண்ணாம்புக் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கவும் முறைவைத்துச் செலவிடலாம். ஒரு வீட்டின் உத்திரத்துக்கு அது போதாது. தண்ணீர் இறங்கும் ஒரு மூலையை அந்த ஆண்டே அடைக்கப் போதும். உத்திரம் இற்றுப்போவது அந்த மூலையில்தான் தொடங்குகிறது.

இந்த ஊர் அமைப்புகளிடம் நான் கேட்க விரும்புவது ஒன்று உண்டு. பிரான்சின் மரபுரிமை நாள் செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் வருகிறது. நமக்கு அது புரட்டாசி பிறந்திருக்கும் நேரம். வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரங்களே இருக்கும். பழைய வீட்டுக்காரர்கள் ஓடு பிரித்து மாற்றுவதும், தளத்து விரிசலுக்குச் சுண்ணாம்பு ஊற்றுவதும் அந்தச் சமயத்தில்தான். அந்த வார இறுதியில் வைசியாள் வீதியிலோ பெருமாள் கோயில் வீதியிலோ குடியிருக்கும் வீடுகள் சிலவற்றை, வேலை நடந்துகொண்டிருக்கும் நிலையிலேயே திறந்து காட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கூரை திறந்திருக்கும், சட்டங்களும் உத்திரமும் வெளியே தெரியும், நாட்டோட்டை எப்படி ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து மல்லாத்தி அடுக்குகிறார்கள் என்பதைக் கொத்தனாரே காட்டலாம், தன் வீட்டில் இதே வேலை வைத்திருக்கும் அடுத்த தெருக்காரர் அங்கேயே அவரிடம் நாள் குறித்துக்கொண்டு போகலாம். புரட்டாசிச் சனிக்கிழமையில் வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தால் அந்தப் பக்கம் நெரிசல் இருக்கும் என்பதால், பெருமாள் கோயில் வீதிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்வது வசதி.